சோலைக்கிளிகள்: இரு இனங்களின் ஒப்பீடு

நீலகிரி சோலைக்கிளி, வெண்வயிற்றுச் சோலைக்கிளி ஆகியவை தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே காணப்படும் பாடும் பறவைகள் ஆகும். பெயரில் கிளி இருந்தாலும் இவை கிளிகள் அல்ல. ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தவை. மலையாளத்தில் 'கிளி' என்னும் சொல் பறவைகளைப் பொதுவாகவும் குறிக்கும்.

தோற்றம்

இரண்டும் சிட்டுக்குருவி அளவினவை. நீண்ட கால்களும் குட்டையான வாலும் கொண்டவை. முதுகும் மார்பும் கரும்பலகை போன்ற நீல நிறம். நீலகிரி சோலைக்கிளியின் விலாப் பகுதி செம்பழுப்பாக இருக்கும். மற்றதன் விலா நீலச் சாம்பல் நிறம். வயிற்றின் நடுப்பகுதி வெண்மை. இரு இனங்களிலும் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும்.

பரவல்

இவற்றைப் பிரிப்பது பாலக்காட்டுக் கணவாய். அதன் வடக்கே நீலகிரி, குடகு, பாபா புடன் மலைகளில் நீலகிரி சோலைக்கிளி வாழ்கிறது. தெற்கே ஆனைமலை, பழனி மலை, ஏலமலை ஆகியவற்றில் வெண்வயிற்றுச் சோலைக்கிளி வாழ்கிறது. இரண்டும் உயர்ந்த மலைகளின் சோலைக்காடுகளில், நிழல் மிகுந்த தரைப்பகுதியில் பூச்சிகளைத் தேடி உண்கின்றன. மரப்பொந்துகளிலும் மண்சரிவுகளிலும் கூடு கட்டி, பொதுவாக 2 முட்டைகள் இடும். சமவெளியின் வெப்பமான நிலப்பரப்பை இவை கடப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு மலையும் இவற்றுக்கு ஒரு தீவு போன்றது.

வகைப்பாடு

நெடுங்காலம் இவை ஒரே இனத்தின் துணையினங்களாகக் கருதப்பட்டன. 2005இல் பமீலா ராசுமுசென், ஜான் ஆண்டர்டன் ஆகியோரின் தெற்காசியப் பறவைகள் நூல் இவற்றைத் தனி இனங்களாகப் பிரித்தது. 2017இல் வி. வி. ராபினும் பிறரும் மரபணு ஆய்வின் அடிப்படையில் சோலிகோலா என்னும் புதிய பேரினத்தை அமைத்தனர். சோலையில் வாழ்வது என்பது அதன் பொருள்.

பாதுகாப்பு நிலை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் நீலகிரி சோலைக்கிளி அருகிய இனமாகவும், வெண்வயிற்றுச் சோலைக்கிளி அழிவாய்ப்பு இனமாகவும் இடம்பெற்றுள்ளன. தேயிலைத் தோட்டங்கள், தைல மரத் தோட்டங்கள், குடியிருப்புகள் ஆகியவற்றால் சோலைகள் துண்டுபட்டதே முதன்மைக் காரணம். வெப்பநிலை உயரும்போது தாழ்வான காடுகளின் உயிரினங்கள் மேலே நகரலாம். மலையுச்சியில் வாழும் இவற்றுக்கு அதற்கு மேல் இடமில்லை.

இனப்பிரிப்பு இங்கு வெறும் பெயர் மாற்றம் அன்று. ஒரே இனமாக எண்ணியபோது பரந்ததாகத் தோன்றிய வாழிடம், உண்மையில் இரண்டு சிறிய வாழிடங்களாகும். ஊட்டியில் ஒரு சோலை அழிந்தால், கொடைக்கானலில் காக்கப்படும் சோலை அந்த இழப்பை ஈடுசெய்யாது. இரு இனங்களுக்கும் தனித்தனிப் பாதுகாப்பு தேவைப்படுகிறது.