தூண்டில்காரர் காக்கும் ஆறு

ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். கோழி இறகின் நுனியைக் கிள்ளி எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பலத்துடன் அதை எதிர்ச் சுவரை நோக்கி எறியுங்கள். ஒரு முழம்கூடப் போகாமல் அது உங்கள் காலடியிலேயே வந்து விழும். இப்போது ஒரு கேள்வி. இந்த இறகுத் துணுக்கை 15 மீட்டருக்கு அப்பால், ஆற்றின் நடுவே, சாப்பாட்டுத் தட்டளவு இடத்தில், நீர் கலங்காமல் இறக்கி வைக்க முடியுமா?

முடியும். ஆங்கிலத்தில் ‘ஃபிளை ஃபிஷிங்’ எனப்படும் பூச்சித் தூண்டில் கலையின் அடிப்படையே இதுதான். நம் ஊர்த் தூண்டிலை நீங்கள் அறிவீர்கள். மூங்கில் கோல், நரம்பு, தக்கை, முள், முள்ளில் ஒரு மண்புழு. பூச்சித் தூண்டிலில் புழுவும் இல்லை, தக்கையும் இல்லை. முள்ளின்மேல் இறகும் முயல் ரோமமும் நூலால் சுற்றி, நீரில் மிதக்கும் பூச்சியைப் போலவே கட்டிவிடுகிறார்கள். பசித்த மீன் அதை உண்மைப் பூச்சி என்று நம்பிக் கவ்வுகிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓடும் ஓ சாபிள் ஆறு இக்கலைக்குப் பெயர் பெற்றது. ‘சாபிள்’ என்பது மணலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். ஆகவே அதை மணலாறு என்றே நாம் சொல்லலாம். அங்கே தூண்டில் போடுபவர்கள், தங்கள் ஆற்றுக்கு ஆபத்து வந்தபோது நீதிமன்றப் படி ஏறவும் தயங்கவில்லை. பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பவர்களுக்கு ஆற்றின்மேல் இவ்வளவு அக்கறை எப்படி வந்தது? இதற்கு விடை காண, முதலில் அவர்களுடைய தூண்டிலின் இயற்பியலைப் பார்ப்போம்.

எறிவது பூச்சியை அன்று

நம் தூண்டிலில் முள்ளுக்கு அருகே கட்டிய ஈயக் குண்டுதான் நரம்பை இழுத்துச் செல்கிறது. பூச்சித் தூண்டிலில் இது தலைகீழ். இரைக்கு எடை இல்லை. கயிற்றுக்கு எடை உண்டு. நெகிழிப் பூச்சுள்ள தடித்த கயிறு அது. நடுத்தர வகைக் கயிற்றின் முதல் 30 அடி, அதாவது சுமார் 9 மீட்டர், ஏறத்தாழ 9 கிராம் எடையுள்ளது. எறியப்படுவது இந்தக் கயிறே. பூச்சி அதன் பின்னால் இலவசமாகப் பயணம் செய்கிறது.

கோலை முன்னே வீசிச் சட்டென்று நிறுத்தினால், கயிறு காற்றில் பக்கவாட்டில் கவிழ்த்த ‘ப’ போல மடிந்து முன்னேறும். மடிப்பின் கீழ்க்கால் கோலின் நுனியோடு இணைந்து ஏறக்குறைய அசையாமல் நிற்கும். மேற்கால் மட்டும் பறக்கும். மடிப்பு முன்னே செல்லச் செல்ல, பறக்கும் பகுதியின் நீளம் குறைகிறது. எனவே அதன் நிறையும் குறைகிறது. இயக்க ஆற்றல், நிறையையும் திசைவேகத்தின் இருமடியையும் பொறுத்தது என்று படித்திருக்கிறீர்கள். கொடுத்த ஆற்றல் குறைந்துகொண்டே போகும் நிறைக்குள் ஒடுங்குவதால், கயிற்றின் நுனி வேகம் பெற முயல்கிறது. வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கும்போது எழும் ஓசைக்கும் இதுவே காரணம். அங்கே நுனி ஒலியின் வேகத்தையே மிஞ்சிவிடுகிறது.

தூண்டிலில் அப்படி நடந்தால் மீன் மிரண்டு ஓடிவிடும். ஆகவே கயிற்றை நுனியை நோக்கி மெல்லிதாகச் செய்கிறார்கள். அதன் முனையில் மெல்லிய நரம்பைக் கட்டுகிறார்கள். காற்றின் தடை கடைசி ஆற்றலையும் வாங்கிக்கொள்ள, பூச்சி நீர்மேல் மெல்ல அமர்கிறது.

மீனின் வட்டச் சாளரம்

பூச்சி அமர்ந்தால் போதாது. பிடிப்பவர் மீனின் கண்ணில் படவும் கூடாது. இங்கே ஒளிவிலகல் வருகிறது.

நீரின் ஒளிவிலகல் எண் 1.33. அதிலிருந்து மாறுநிலைக் கோணத்தைக் கணக்கிட்டால் சுமார் 48.6 பாகை கிடைக்கும். அடிவானம் முதல் தலையுச்சி வரையுள்ள முழு வெளியுலகமும், மீனின் கண்ணுக்கு மேலே 97 பாகை அகலமுள்ள ஒரு கூம்புக்குள் அடங்கிவிடுகிறது. நீர்ப்பரப்பில் இது ஒரு வட்டச் சாளரம். அரை மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அச்சாளரத்தின் ஆரம் ஏறத்தாழ 57 செ.மீ. சாளரத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு முழுவதும் கண்ணாடி. முழு அக எதிரொளிப்பால் ஆற்றின் அடித்தளமே அங்கே தலைகீழாகத் தெரியும்.

தொலைவில் மிதந்து வரும் பூச்சியை மீன் முதலில் முழுமையாகப் பார்ப்பதில்லை. அதன் கால்கள் நீர்ப்பரப்பை அமுக்குவதால் உண்டாகும் ஒளிப்புள்ளிகளையே காண்கிறது. பிறகு சாளரத்தின் விளிம்பில் இறக்கையின் மேல்நுனி தோன்றும். கடைசியில்தான் முழு உருவம். தேர்ந்த தூண்டில்காரர் தம் போலிப் பூச்சிக்குக் காலும் இறக்கையும் வைப்பது இதற்காகவே. அவர் குனிந்து நடப்பதற்கும் காரணம் உண்டு. தாழ்ந்த கோணத்தில் வரும் ஒளியில் பெரும்பகுதி நீருக்குள் புகாமல் எதிரொளித்துவிடுகிறது. புகுந்த சிறுபகுதியும் சாளரத்தின் விளிம்பில் நசுங்கிப்போகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீர் தெளிவாக இருந்தால்தான் இவையெல்லாம் நடக்கும். கலங்கிய ஆற்றில் மீனுக்குச் சாளரம் ஏது?

குளிர்ந்த நீரும் மூச்சும்

ஓ சாபிளில் தேடப்படுவது டிரவுட் என்னும் குளிர்நீர் மீன். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரிலோ, 10 பாகை செல்சியஸில் அதிகபட்சமாக 11.3 மில்லிகிராம்தான் கரையும். 20 பாகையில் அது 9.1, 30 பாகையில் 7.6. நீர் சூடேறச் சூடேற வரவு குறைகிறது. செலவோ கூடுகிறது, ஏனெனில் வெப்பம் ஏறினால் மீனின் உடலியக்கம் விரைவாகி, அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டியிருக்கிறது. வரவு குறைந்து செலவு கூடும் குடும்பத்தின் நிலைதான். 20 பாகைக்கு மேல் டிரவுட் திணறத் தொடங்கும். பொறுப்புள்ள தூண்டில்காரர் சட்டைப்பையில் வெப்பமானி வைத்திருப்பார். நீர் அந்த அளவைத் தொட்டதும் கோலைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புவார்.

கோடையிலும் ஓ சாபிளின் மேற்பகுதி குளிர்ந்திருப்பது எப்படி? அது பெரும்பாலும் நிலத்தடி நீரால் ஓடும் ஆறு. பனியுகத்துப் பனியாறுகள் விட்டுச்சென்ற ஆழமான மணலும் சரளையும் மழையையும் பனிநீரையும் உறிஞ்சிக்கொண்டு, ஊற்றுகளாக ஆண்டு முழுவதும் மெல்ல வெளிவிடுகின்றன. மண்பானை நீரைப்போல அந்நீர் குளிர்ந்தே வருகிறது. கரையோர மரங்களை வெட்டினாலோ, நீரை அணையில் தேக்கி வெயிலில் காயவிட்டாலோ இந்தச் சமநிலை கெடும்.

சரளைக்கல் தொட்டில்

இந்த ஆற்றின் கரையில் கிரேலிங் என்று ஓர் ஊர் இருக்கிறது. அது ஒரு மீனின் பெயர். பாய்மரம் போன்ற பெரிய முதுகுத் துடுப்புள்ள அழகிய மீன். ஆனால் இன்று அந்த ஊரின் ஆற்றில் அந்த மீன் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிச்சிகனின் பைன் காடுகள் வெட்டப்பட்டன. மரங்களை ஆற்றில் உருட்டிவிட்டு, வெள்ளத்தோடு ஆலைகளுக்குக் கொண்டுசென்றார்கள். மிதந்து வந்த மரங்கள் ஆற்றின் அடித்தளத்தைச் சுரண்டின. நிழல் போயிற்று. மொட்டையான கரையிலிருந்து மணல் சரிந்து இறங்கியது.

மணல் இறங்கினால் மீனுக்கு என்ன? கிரேலிங், டிரவுட் போன்ற மீன்களுக்குச் சரளைக்கல்லே தொட்டில். கற்களின் இடுக்குகளில் நீர் ஊடுருவி ஓடும்போதுதான் முட்டைகளுக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. நுண்மணல் அந்த இடுக்குகளை அடைத்தால் முட்டைகள் மூச்சுமுட்டிச் சாகும். அத்துடன் தூண்டில்காரர்களும் கணக்கில்லாமல் பிடித்தார்கள். பீப்பாய் பீப்பாயாக நகரங்களுக்கு மீன் போயிற்று. 1930களில் மிச்சிகன் மாநிலத்திலிருந்தே கிரேலிங் மறைந்துவிட்டது.

இன்று ஓ சாபிளில் உள்ள பழுப்பு டிரவுட் ஐரோப்பாவிலிருந்தும், வானவில் டிரவுட் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்தும் கொண்டுவந்து விடப்பட்டவை. சொந்த மீனை இழந்துவிட்டு, வந்த மீனைக் காத்து நிற்கும் ஆறு இது. தூண்டில்காரர்களும் இந்தப் பழியில் பங்காளிகள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பாடத்தைக் கற்றதால்தான் அவர்கள் மாறினார்கள் என்று சொல்லலாம். 1959இல் இதே ஆற்றங்கரையில் ஜார்ஜ் கிரிஃபித் என்பவரின் வீட்டில் 16 பேர் கூடி ‘டிரவுட் அன்லிமிடெட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மீனைக் கவனித்துக்கொண்டால் மீன்பிடிப்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பதே அவர்கள் கொள்கை. கிரேலிங் ஊருக்குக் கீழே சுமார் 13 கி.மீ. நீளத்துக்குப் ‘புனித நீர்’ என்று அழைக்கப்படும் பகுதி இருக்கிறது. அங்கே பூச்சித் தூண்டில் மட்டுமே போடலாம். பிடித்த மீனை உயிரோடு விட்டுவிட வேண்டும்.

ஒரு பண்ணையும் ஒரு வழக்கும்

அந்தப் பகுதிக்கு மேலே, ஆற்றின் கிழக்குக் கிளையில், பழைய மீன்பொரிப்பகம் ஒன்று உண்டு. அதில் விற்பனைக்காக டிரவுட் வளர்க்க ஒரு நிறுவனம் முன்வந்தது. ஆண்டுக்கு 3,00,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 136 டன் மீன் வரை வளர்க்க 2014இல் மாநில அரசு அனுமதி வழங்கியது. வேலைவாய்ப்பு, உணவு என்று அதற்கு நியாயங்கள் இல்லாமல் இல்லை. மீன்வளர்ப்பு தீய தொழிலும் அன்று. கேள்வி, அதை எங்கே செய்வது என்பதுதான்.

ஆற்றுநீர் தொட்டிகளுக்குள் புகுந்து, மீன்களைக் கடந்து, மீண்டும் ஆற்றிலேயே சேரும். மீன்களின் கழிவிலும் சிந்திய தீவனத்திலும் பாஸ்பரஸ் உண்டு. பாஸ்பரஸ் பாசிக்கு உரம். பகலில் பாசி ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடும். இரவில் ஒளி இல்லை. ஆனால் பாசியும் மூச்சுவிட வேண்டும். அது நீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆக்சிஜன் அளவு மிகத் தாழ்ந்திருப்பது விடியலுக்குச் சற்று முன்பு.

மாணவர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளின் சராசரி ஆக்சிஜன் அளவு நன்றாகவே இருக்கலாம். ஆனால் மீன் சராசரியில் வாழ்வதில்லை. விடியற்காலை 4 மணிக்கும் அது மூச்சுவிட்டாக வேண்டும். ‘சராசரியாகப் பாதிப்பில்லை’ என்று எந்தத் திட்டத்தைப் பற்றி யார் சொன்னாலும், மிக மோசமான நேரத்தின் அளவு என்ன என்று கேட்கப் பழகுங்கள்.

‘ஓ சாபிள் தூண்டில்காரர்கள்’ என்னும் பொருள்படும் பெயர்கொண்ட உள்ளூர்ச் சங்கம் இந்த அனுமதியை எதிர்த்து வழக்காடியது. கழிவோடு மீன்நோயும் ஆற்றில் பரவக்கூடும் என்று அது அஞ்சியது. ஆண்டுகள் நீண்ட போராட்டம் 2018இல் உடன்பாட்டில் முடிந்தது. நிறுவனம் விலகிக்கொண்டது, பொரிப்பகத்தை நடத்தும் பொறுப்பைச் சங்கமே ஏற்றது. எதிர்ப்பதோடு நிற்காமல் பொறுப்பையும் தோளில் ஏற்றுக்கொண்டார்களே, அது பெரிது.

கிரேலிங் மீனைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சியும் மிச்சிகனில் 2016இல் தொடங்கியது. அலாஸ்காவிலிருந்து முட்டைகளைக் கொண்டுவந்து வளர்த்து வருகிறார்கள். மரம் வெட்டி அழிக்கச் சில பத்தாண்டுகள் போதுமாயிருந்தன. திரும்பப் பெற ஒரு நூற்றாண்டும் போதவில்லை.

நீலகிரியிலும் டிரவுட்

இந்த மீன் நமக்கும் முற்றிலும் அயலானதன்று. நீலகிரி ஓடைகளில் டிரவுட்டை விடும் முயற்சிகள் 1860களிலேயே தொடங்கின. பின்னர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. சமவெளியில் வாழாத மீன் அங்கே வாழ்வது எப்படி? ஒரு கி.மீ. உயரத்துக்குச் சுமார் 6.5 பாகை வீதம் காற்றின் வெப்பநிலை குறைகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்: கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14.5 பாகை குறைவு. டிரவுட்டின் உயிர் அந்த 14.5 பாகையில் தொங்குகிறது. அங்கும் அது வந்தேறி மீனே. அயல் மீனை விடும்போது, உள்ளூர் மீன் என்ன ஆகும் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

உங்கள் ஊர் ஆற்றில் டிரவுட் இராது. கெண்டையும் கெளுத்தியும் இருக்கலாம். ஆனால் இயற்பியல் ஒன்றுதான். மணலும் சரளையும் நீரைச் சேமிக்கும். நிழல் நீரைக் குளிர்விக்கும். கழிவு இரவில் மூச்சைப் பறிக்கும். ஒரு வெப்பமானியும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நீரின் வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். ஆழமற்ற ஓரத்தில் ஒரு கல்லைப் புரட்டி, அடியில் எத்தனை வகைப் பூச்சிப்புழுக்கள் ஒட்டியிருக்கின்றன என்று எண்ணி எழுதுங்கள். பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

ஓராண்டுக் கணக்கு உங்கள் கையில் இருந்தால், நாளை ஆற்றில் மாற்றம் வரும்போது அதை முதலில் அறிபவர் நீங்களாக இருப்பீர்கள். ஓ சாபிளின் தூண்டில்காரர்கள் செய்ததும் அடிப்படையில் இதுதான். மீனுக்காக நீரை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள். பார்த்துப் பார்த்து அந்த ஆற்றுக்கே காவலர் ஆனார்கள்.