ஈஸ்டுக்கு சுவிட்ச் கிடையாது!



எங்க வீட்டுல 20 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் கண்ணாடி மீன்தொட்டி இருக்கு. அதுல வாய்க்கால்ல எடுத்த வேலம்பாசியை நட்டு, 4 கப்பி மீன் விட்டேன். கொஞ்ச நாள்ல பாசி வெளிறிப் போச்சு. ஏன்?

ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் மட்டும் போதாது, கார்பன்-டை-ஆக்சைடும் வேணும். காற்றில் அது 10,000 பங்குக்கு சுமார் 4 பங்குதான் இருக்கு. தண்ணீருக்குள்ள அது பரவுவதும் ரொம்ப மெதுவு. ஜப்பானைச் சேர்ந்த தகாஷி அமானோ (1954–2015) மாதிரி தொட்டித் தோட்டக் கலைஞர்கள் இந்த வாயுவை சிலிண்டர் வைத்துக் கொடுத்தாங்க. நமக்கு சர்க்கரையும் ஈஸ்டும் போதும்.

தேவையானவை: 1 லிட்டர் கலர் பாட்டில் (சாதா தண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது), சர்க்கரை 100 கிராம், பேக்கரி ஈஸ்ட் கால் டீஸ்பூன், மெல்லிய டியூப், எம்-சீல்.

செய்முறை:

1. மூடியில் ஓட்டை போட்டு டியூபைச் செருகி, எம்-சீல் வைத்து அடைக்கவும்.

2. பாட்டிலில் முக்கால் பாகம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, சர்க்கரையைக் கரைத்து, ஈஸ்ட் போடவும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போகும்.

3. டியூபின் ஒரு நுனி பாட்டில் கரைசலைத் தொடக்கூடாது. மறு நுனி தொட்டியின் அடியில் இருக்கட்டும்.

4. பாட்டிலைத் தொட்டியைவிட உயரத்தில் வைக்கவும். இல்லாவிட்டால் ஈஸ்ட் ஓய்ந்ததும் தொட்டித் தண்ணீர் பாட்டிலுக்குள் இறங்கிவிடும்.

சில மணி நேரத்தில் குமிழ் வரும். சுமார் இரண்டு வாரம் தாங்கும்.

எப்படி வருது?

ஈஸ்ட் ஒரு நுண்ணுயிர், பூஞ்சை வகை. காற்றில்லாத இடத்தில் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கார்பன்-டை-ஆக்சைடாகவும் மாற்றும். இதுதான் நொதித்தல். சுண்ணாம்பு தடவாத பானையில் பதநீர் கள்ளாக மாறுவதும் இப்படித்தான். கடைசியில் ஆல்கஹால் கூடிப்போய் ஈஸ்டே ஓய்ந்துவிடும். அதனால பாட்டில் கரைசலை யாரும் வாயில் வைக்காதீங்க, கீழே கொட்டிடுங்க.

நான் செஞ்ச தப்பு

குமிழ் நிறைய வரட்டும்னு 2 டீஸ்பூன் ஈஸ்ட் போட்டேன். அன்னிக்குப் பாசி மேலே முத்து முத்தா குமிழ் நின்னுச்சு, ஒரே சந்தோஷம். அப்படியே விட்டுட்டுத் தூங்கிட்டேன். விடியக்காலையில அப்பத்தாதான், "மீனு மூச்சுக்குத் தவிக்குது, வந்து பாரு"ன்னு எழுப்புனாங்க. இரண்டு மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகிட்டு இருந்தது. மத்த இரண்டும் செத்துப் போச்சு.

இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது. செடியும் மீனைப் போல ஆக்ஸிஜனை எடுத்து கார்பன்-டை-ஆக்சைடை விடும். ஈஸ்ட் மட்டும் தூங்காம வாயுவை விட்டுக்கிட்டே இருக்கும். அதை நிறுத்த சுவிட்ச் கிடையாது!

இப்ப நான் கால் டீஸ்பூன்தான் போடுறேன். சாயங்காலம் ஆனதும் டியூபைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுறேன். டியூபை மடக்கிக் கட்டக்கூடாது, கட்டினால் பாட்டில் வெடிக்கும். காலையில மறுபடி உள்ளே விடுவேன். பாசி பச்சையாச்சு. மிச்சமிருந்த இரண்டு மீனும் நல்லா இருக்கு.

செடிக்கு நல்லது செய்யும்போது மீனையும் நினைங்க. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு!



— 9-ஆம் வகுப்பு மாணவி