ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் எவ்வளவு தூரம்?

ஊரிலுள்ள உறவுகள் எம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கனடா எவ்வளவு தூரம்? பிளேனில் எத்தனை மணித்தியாலம்?" இங்கே வளரும் எமது பிள்ளைகளும் அதையே மறுவளமாகக் கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் சொல்லக்கூடிய பதிலை இம்முறை பார்ப்போம்.

பியர்சன் விமான நிலையத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு நேர்வழியில் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். பூமியின் சுற்றளவோ சுமார் 40,000. ரொறன்ரோ மேற்கு நெடுங்கோடு 79 பாகையிலும், யாழ்ப்பாணம் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையிலும் உள்ளன. எண்கள் கிட்டத்தட்ட ஒன்று, பக்கங்கள் எதிரெதிர். பிள்ளைகளின் பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். மிகக் குறுகிய வழி கிறீன்லாந்துப் பக்கமாக வடக்கே ஏறி இறங்குவது தெரியும்.

மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் பறந்தால் பதினைந்தரை மணித்தியாலம் போதும். ஆனால் நேரடி விமானம் இல்லை. லண்டன் வழியாயின் முதலில் ஏழு மணித்தியாலம், பிறகு பத்தரை முதல் பதினொன்று. துபாய் வழியாயின் முதலில் பதின்மூன்று, பிறகு நாலரை. இடைத்தங்கலையும் சேர்த்தால் ஒரு முழு நாள் என்றே கணக்கு வையுங்கள்.

நேர வித்தியாசம் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம், கோடையில் ஒன்பதரை. வெள்ளி இரவு இங்கே ஏறுபவர் ஞாயிறு காலையில்தான் அங்கே இறங்குவார். திரும்பும்போது புறப்பட்ட அதே நாளிலேயே வந்து சேரலாம்.

தாய் தந்தையரை முதன்முறையாக அழைப்பவர்கள் கவனிக்க: முழுப் பயணத்துக்கும் ஒரே றிக்கற்றாக எடுங்கள். இடைத்தங்கலுக்குக் குறைந்தது மூன்று மணித்தியாலம் விடுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மருந்துகள் கைப்பையிலேயே இருக்கட்டும். உங்கள் தொலைபேசி இலக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு முக்கிய விடயம். அகதி அந்தஸ்துப் பெற்று, இன்னும் குடியுரிமை பெறாதவர்கள் ஊருக்குப் போவதற்கு முன் கட்டாயம் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். கனடா வழங்கும் அகதிப் பயண ஆவணம் நாம் தப்பி வந்த நாட்டுக்குச் செல்லாது. அங்கே போய்வந்தால் அகதிப் பாதுகாப்பை நீக்கும்படி அரசு கோரலாம். 2012 டிசம்பரில் வந்த சட்ட மாற்றத்தின்பின் அதனுடன் நிரந்தர வதிவிட உரிமையும் போய்விடலாம். தாயைப் பார்க்கும் ஆசையில் வீட்டையும் வாழ்வையும் இழக்கக்கூடாது. இப்படியானவர்களில் பலர் சென்னையில் சந்திக்கிறார்கள். எமக்கு அது சுமார் 13,400 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவருக்கோ பலாலியில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். இந்திய விசாவை இரு தரப்பும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கே. 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரும், 2010 ஓகஸ்ட்டில் சன் சீ கப்பலில் மாதக்கணக்கான கடற்பயணத்தின்பின் வந்திறங்கிய 492 பேரும் இத்தூரத்தை மணித்தியாலங்களில் அளக்கவில்லை. எம்மில் பலருக்கு கொழும்பிலிருந்து ரொறன்ரோ வர ஆண்டுகள் எடுத்தன. பிள்ளைகள் தூரத்தைக் கேட்கும்போது கிலோமீற்றரோடு இதையும் சேர்த்துச் சொல்லுவோம்.