புள்ளி பார்த்து வாங்கலாமா குதிரையை?

சேலம் கலெக்டர் டேவிட் காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தபோது மோட்டார் பாதை கிடையாது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்கு நடந்தோ குதிரையிலோதான் ஏறவேண்டும். அப்படிப்பட்ட ஏற்றத்தில் குதிரைக்கு வேண்டியது உறுதியான குளம்பும் நீண்ட மூச்சும் மிரளாத குணமும். ஆனால் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தையில் இன்றும் நிறத்துக்கும் சுழிக்கும் தனி விலை உண்டு. தோலுக்கு இத்தனை மதிப்புத் தருவது தவறு என்றே நினைக்கிறேன். தோலாலேயே பெயர்பெற்ற அமெரிக்கப் புள்ளிக்குதிரையான அப்பலூசாவின் வரலாறும் அதைத்தான் காட்டுகிறது.

அமெரிக்காவின் வடமேற்கு மலைநாட்டில் அதை வளர்த்தவர்கள் நெஸ் பெர்ஸ் பழங்குடியினர். 1806இல் அவர்களுடைய குதிரைகளைப் பார்த்த அமெரிக்க ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ் உயரத்தையும் உடற்கட்டையும் சுறுசுறுப்பையும் புகழ்ந்து எழுதினார். அவற்றில் சிலவற்றுக்குத்தான் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. தரமற்ற ஆண்குதிரைகளுக்குக் காயடித்து, நல்லவற்றை மட்டும் பொலிக்கு விட்டதன் பலன்தான் லூயிஸ் புகழ்ந்த அந்தத் தரம். 1877இல் அமெரிக்கப் படை துரத்தியபோது குழந்தைகள், முதியவர்கள் உட்பட எழுநூறுக்கும் மேற்பட்டோர் இந்தக் குதிரைகளை நம்பி மலைகளைக் கடந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் போனார்கள். கனடா எல்லைக்கு 65 கிலோமீட்டர் இருக்கையில், அக்டோபர் 5 அன்று அவர்களுடைய தலைவர் ஜோசப் சரணடைந்தார். குதிரைகள் பறிக்கப்பட்டன. ஒரு சமூகத்தின் பல தலைமுறை உழைப்பு கண்டபடி சிதறிப்போனது. அந்த இழப்பை எண்ணினால் இன்றும் மனம் கனக்கிறது.

புள்ளி இல்லாவிட்டால் மிஞ்சியவற்றை அடையாளம் கண்டு 1938இல் ஒரு சங்கமே தொடங்கியிருப்பார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், புள்ளி கண்ணில் பட்டதால்தான் இனம் மீண்டது. ஆனால் அந்தச் சங்கம் அரபு, தரோபிரெட், குவார்ட்டர் குதிரைகளுடன் கலக்க அனுமதித்ததால், புள்ளி நிலைத்தாலும் உடல் மாறிப்போனது. அதனால்தான் நெஸ் பெர்ஸ் மக்கள் 1990களில் அப்பலூசாவை மத்திய ஆசியாவின் அகால்-தெக்கே குதிரையுடன் கலந்து, பழைய கால்வலுவைத் திரும்பக் கொண்டுவர முயன்றார்கள். புள்ளி எந்த ஒரு இனத்துக்கும் சொந்தமும் அல்ல. பிரான்சின் பெஷ் மெர்ல் குகையில் சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன்பே புள்ளிக்குதிரைகளை வரைந்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் குதிரை எலும்புகளிலும் அப்பலூசாவின் புள்ளிக்குக் காரணமான அதே மரபணு கிடைத்திருக்கிறது. அதைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குதிரைக்குப் பிறவியிலேயே மாலைக்கண் இருக்கும். நம் சந்தைக்கு வரும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளின் வெள்ளைத் திட்டுகள் வேறு வகை. அவற்றுக்கு இந்தக் குறை வருவதில்லை. ஆனாலும் மலைப்பாதைக்குக் குதிரை வாங்குபவர் குளம்பைத் தூக்கிப் பார்க்கட்டும், ஒரு மேட்டில் ஏற்றி இறக்கி மூச்சைக் கவனிக்கட்டும், பொழுது சாய்ந்த பின்னும் ஒருமுறை நடத்திப் பார்க்கட்டும். நிறத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரலாம்.