பல் தடத்தை நம்பலாமா?

1991 டிசம்பரில், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர மதுக்கூடம் ஒன்றில் ஊழியர் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். உடலில் கடித்த காயம் இருந்தது. வாடிக்கையாளரான ரே குரோன்மீது போலிசுக்குச் சந்தேகம். அவருக்குக் கோணல் பல். ஸ்டைரோஃபோம் துண்டைக் கடிக்கச் சொல்லிப் பல் தடம் எடுத்தார்கள். காயத்தோடு அது பொருந்துவதாக நிபுணர் சாட்சி சொன்னார். 1992ல் மரண தண்டனை. 1996 மறுவிசாரணையிலும் குற்றவாளி என்றே தீர்ப்பு. இம்முறை ஆயுள் தண்டனை.

2002ல், இறந்தவரின் உடையிலிருந்த எச்சிலில் மரபணுச் சோதனை நடந்தது. அது வேறொரு குற்றத்துக்காக ஏற்கெனவே சிறையிலிருந்த இன்னொருவருடையது! பத்தாண்டுக்கு மேல் சிறையில் கழித்த குரோன் வெளியே வந்தார்.

தவறு எங்கே? பல் மருத்துவர் எடுக்கும் அச்சு இறுகி அப்படியே நிற்கும். தோல் அப்படியல்ல, இழுபடும், வீங்கும், காயம் ஆற ஆற வடிவம் மாறும். ஒரே பல் வரிசை இரண்டு இடங்களில் கடித்தால் இரண்டு விதமான தடம் விழலாம். அது மனிதர் கடித்ததுதானா என்பதிலேயே நிபுணர்கள் முரண்படுவதுண்டு. இந்த முறைக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் 2023ல் அறிவித்தது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விபத்தில் கருகியவரைப் பல் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு அடையாளம் காண்பது வேறு, அது நம்பகமானது. அங்கே பல்லைப் பல்லோடு ஒப்பிடுகிறார்கள். இங்கே ஒப்பிடுவது பல்லையும் காயத்தையும்.

நிபுணர் “பொருந்துகிறது” என்றால், “எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று நீதிமன்றம் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியில் ஓர் உயிர் தொங்குகிறது.