சேமிக்கவியலாச் செல்வம்

மனிதன் பல நாள் உண்ணாதிருந்தும் உயிர் வாழ்தல் கூடும். நீர் அருந்தாது இரண்டொரு நாட் கழித்தலும் இயலும். மூச்சு நின்றாலோ சில நிமிடங்களிலேயே உயிர்க்கு இறுதி நேர்கின்றது. இவ்வேறுபாடு எதனால் உண்டாயிற்று? இதனை ஆராயப் புகுவோமாயின், இதயம், குருதி, சுவாசப்பை என்னும் மூன்றும் ஒருங்கு கூடி இயற்றும் பணியின் அருமை இனிது விளங்கும்.

உடலுக்கு வேண்டிய சக்தியை இதயமே பிறப்பிக்கின்றதெனக் கருதுவாருமுளர். அஃது உண்மையன்று. சக்தி பிறக்குமிடம் உடலெங்கும் பரந்துள்ள நுண்ணிய கலங்களேயாம். உணவினின்றும் பெற்ற குளுக்கோசும் கொழுப்பும் அங்கே ஒட்சிசனோடு கூடிப் படிப்படியாக ஒட்சியேற்றப்படுகின்றன. சுவாசமென்பது மெல்ல நிகழும் ஓர் எரிதலே என்பதை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பிரான்சிய அறிஞர் இலவாசியே எடுத்துக்காட்டினார். ஆயினும், விறகு எரியுங்காற்போலச் சக்தி முழுவதும் வெப்பமாய்ப் போய்விடுவதில்லை. அதன் ஒரு பகுதி அடினோசின் முப்பொசுபேற்று என்னும் பொருளிலே அடக்கப்பட்டு, தசை சுருங்கவும் மூளை தொழிற்படவும் பயன்படுகின்றது. ஒட்சிசன் உள்ளவிடத்து ஒரு குளுக்கோசு மூலக்கூறினால் இப்பொருளின் மூலக்கூறுகள் ஏறத்தாழ 30 கிடைக்கும். இல்லாவிடத்துக் கிடைப்பன 2 மாத்திரமே.

எரிபொருளாகிய உணவை உடல் சேமித்து வைக்க வல்லது. ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசன் உண்டு. கொழுப்போ பல வாரங்களுக்குப் போதியது. ஒட்சிசனுக்கு அத்தகைய களஞ்சியம் யாதுமில்லை. வாளாவிருக்கும் ஒருவர் நிமிடந்தோறும் ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் செலவிடுகின்றார். அவருடைய சுவாசப்பையிலும் குருதியிலும் இருப்பதோ ஒன்று அல்லது ஒன்றரை லீற்றர். ஆதலின் வரவு இடையறாதிருத்தல் வேண்டும்.

இவ்வரவுக்கு வாயில் சுவாசப்பை. அங்குள்ள 30 கோடிக்கு மேற்பட்ட சிற்றறைகளின் மெல்லிய சுவரினூடாக ஒட்சிசன் குருதியிற் புகுகின்றது, காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. புகுந்த ஒட்சிசனைச் சுமப்பது செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபின். ஒரு லீற்றர் குருதி ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் ஒட்சிசனைக் கொள்ளும். ஈமோகுளோபின் இல்லையாயின் 3 மில்லிலீற்றரே கரைந்து நிற்கும். குருதிச்சோகை உற்றோர் வயிறார உண்டும் களைத்துப் போவதன் காரணம் இதுவே. இக்குருதியை உந்திச் செலுத்துவது இதயம். அதன் வலப்பாகம் சுவாசப்பைக்கும் இடப்பாகம் உடலுக்குமாக, ஓய்வின்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றரும், கடும் உழைப்பின்போது 20 லீற்றருக்கு மேலும் அனுப்புகின்றன.

1954 மே 6ஆம் நாள் ஒக்ஸ்போட்டிலே ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி, நான்கு நிமிட எல்லையை முதன்முதற் கடந்த றொஜர் பானிஸ்ரர் அந்நாளில் மருத்துவ மாணவர். ஓடுவோரின் சுவாசத்தைத் தாமே ஆராய்ந்தவர். அவர்போல் விரைந்தோடுவோரின் தசைகள் வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்து, ஒட்சிசனின்றியும் சிறிது சக்தி பெறுகின்றன. எல்லைக் கோட்டைத் தாண்டிய பின்னும் நெஞ்சு விம்மி மூச்சு வாங்குவது அக்கடனை இறுத்தற்பொருட்டேயாம்.

தசை கடன்படலாம், மூளைக்கு அஃது இயலாது. உடல் நிறையில் நூற்றுக்கு 2 பங்கேயான மூளை, உடல் ஏற்கும் ஒட்சிசனில் 20 பங்கை வேண்டி நிற்கின்றது. இதயம் நின்று நாலைந்து நிமிடஞ் சென்றால் மூளைக் கலங்கள் மாளத் தொடங்கும். அந்நிலையிற் பிறர் கைகளே இதயத்தின் பணியை ஓரளவு ஆற்றக்கூடுமென்பதை, 1960இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் என்னும் மூவர் எடுத்துரைத்தனர்.

உணர்விழந்து, இயல்பான மூச்சுமின்றி ஒருவர் கிடப்பாராயின், உடனே 1990 என்னும் எண்ணை அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைத்தல் வேண்டும். அது வருமளவும், ஒரு கையின்மேல் மறு கையை வைத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மார்பெலும்பின் கீழ்ப்பாதியை அழுத்தி அழுத்தி விடுதல் வேண்டும். வளர்ந்தோர்க்கு ஆழம் 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் 6க்கு மேற்படாமலும், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறையாகவும் அமைதல் நன்று. குருதியில் எஞ்சியிருக்கும் சிறிதளவு ஒட்சிசன் அவ்வழுத்தத்தினால் மூளையைச் சென்றடையும்.

இப்பயிற்சியைக் கற்றுக்கொள்ள ஒரு பிற்பகற்பொழுது போதும். கல்லூரி விழாக்களிலே ஒன்றுகூடும் பழைய மாணவருள் நரை கண்டோர் பலர். அவரருகே நிற்போர் கைவலிமை மிக்க இளைஞர். உடல் சேமித்து வைக்கவியலாத இச்செல்வத்தை ஆபத்து வேளையிற் பிறர்க்கு அளிக்கும் ஆற்றலை அவ்விளைஞர் ஒவ்வொருவரும் பெறுவாராக.