வாயுதானா அது?

இரவு பதினோரு மணி. அப்பா நெஞ்சைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். பனியன் தொப்பலாக நனைந்திருக்கிறது. "வாயுதான். ஓமத்தண்ணி குடிச்சா போயிடும்" என்கிறார். ஓமத்தண்ணீர் வருகிறது, சோடா வருகிறது. 108 ஆம்புலன்ஸ் மட்டும் வரவில்லை. யாரும் கூப்பிடவில்லையே!

நம் வீடுகளில் ஆபத்துக்கு எப்போதும் ஒரு செல்லப்பெயர் உண்டு. மாரடைப்புக்கு வாயு. பக்கவாதத்துக்கு அசதி. சாவைப் பற்றிய பேச்சுக்கு 'சும்மா மிரட்டுறா.' அந்தப் பெயரை நம்பி உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் உயிர் போகிறது.

நெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோன்ற அழுத்தம், தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, சில்லென்ற வேர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அடையாளங்கள். பெண்களிலும் சர்க்கரை நோயாளிகளிலும் சிலருக்கு நெஞ்சு வலிக்கவே வலிக்காது. குமட்டலும் இனம்புரியாத களைப்பும்தான் இருக்கும். தமிழ்நாட்டில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அவசர மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

சிரிக்கச் சொன்னால் வாய் கோணுகிறதா? இரு கைகளையும் தூக்கினால் ஒன்று தானாகச் சரிகிறதா? பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று டாக்டர் கேட்பார், மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள், புரையேறும். தூங்கினால் சரியாகும் என்று படுக்கவும் விடாதீர்கள்.

மனம் படும் பாட்டுக்கு ஈசிஜி கிடையாது. "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்ற பேச்சு, ஆசையாக வைத்திருந்த பொருளைத் திடீரென்று பிறருக்குக் கொடுப்பது, விடைபெறுவதுபோல ஒரு போன் ஆகியவைதான் இங்கே அடையாளங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது. ஆபத்து கைமீறினால் 108. போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயந்து மறைக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்.

'அர்த்த ராத்திரியில் ஊரைக் கூட்டுவானேன்' என்ற கூச்சம்தான் கடைசித் தடை. கூட்டுங்கள். பரிசோதித்துவிட்டு "வெறும் வாயுதான்" என்று டாக்டரே சொல்லட்டும். திரும்பி வரும் வழியில் அப்பாவோடு ஒரு டீ குடித்துக்கொள்ளலாம்.